வழக்குக்கு முந்தைய அரை மணி நேரம்

நீலகிரி மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களுக்கும், உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் நீதிமன்றங்களில் வழக்காடும் வக்கீல்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறிப் போகும் சந்து ஒன்றில் 14 ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடை, ரவிக்கை, ஜெர்கினுக்கு ஜிப் மாற்றுவது, ஹெத்தையம்மன் பண்டிகை நெருங்கும்போது படுகர் வீட்டுப் பெண்களுக்கு வெள்ளை ரவிக்கை என்று ஆண்டு ஓடிவிடும். உங்களில் சிலருடைய கறுப்பு அங்கியும் என் மெஷினில் ஏறியிருக்கிறது. அப்படி ஓர் அங்கி என் கடைக்கு வந்த நாளைப் பற்றிச் சொல்லிவிட்டு, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் கடைக் கட்டடத்தின் உரிமையாளர் நல்ல மனிதர். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி வருவார். வாடகையை எண்ணி வாங்கிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். ரசீது கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, கொடுக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. நான் முன்பணமாகக் கொடுத்த 60,000 ரூபாய்க்கு அவருடைய நோட்டில் ஒரு வரி, என்னுடைய நோட்டில் ஒரு வரி. எங்களுக்குள் இருந்த எழுத்து அவ்வளவுதான்.

அவர் காலமான சில மாதங்களில், சமவெளியில் வேலை பார்க்கும் அவருடைய மகன் வந்தார். முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த மூன்று பக்கங்களைக் கொடுத்து, "அப்பா காலத்து ஏற்பாட்டைப் புதுப்பிக்கிறோம் அக்கா, கையெழுத்துப் போட்டு வையுங்கள், அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்றார். மூன்று பக்கமும் ஆங்கிலம். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அந்தப் பக்கங்களை வாசித்தேன், சொற்கள் தெரிந்தன, பொருள் பிடிபடவில்லை. பெரியவரின் மகன் ஏமாற்ற மாட்டார் என்ற நம்பிக்கையில், அந்த வாரத்துச் சீருடை வேலை முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று வெட்டு மேசை மேல், கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்திருந்தேன்.

அந்த வாரத்தில் ஒரு மழை நாளில்தான் வக்கீல் அம்மா ஒருவர் கை கிழிந்த அங்கியோடு வந்தார். மறுநாள் காலையில் வழக்கு இருக்கிறது, இப்போதே தைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். உட்காரச் சொன்னேன். நான் கிழிசலுக்கு உள்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது அவர் கண் அந்தத் தாளில் விழுந்தது. "இது என்னம்மா, நான் பார்க்கலாமா?" என்றார். மூன்று பக்கத்தையும் இரண்டு முறை வாசித்தார். பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

நான் அங்கே வாடகைக்கு இருப்பவள் என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. உரிமையாளரின் அனுமதியின் பேரில் தற்காலிகமாக இடத்தைப் பயன்படுத்துகிறவள் என்று இருந்தது. மூன்று மாதத்தில் இடத்தை ஒப்படைப்பேன் என்று இருந்தது. முன்பணம் முழுவதும் பராமரிப்புச் செலவில் கழிந்துவிட்டதாக நான் ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்துக்கான கோடு.

அன்று அவர் என் கடையில் இருந்தது அரை மணி நேரம். அதற்குள் எனக்குத் தெரிய வேண்டியதையெல்லாம் சொன்னார். நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றித் தமிழ்நாட்டில் 2017இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது அது. புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் செய்யாமல் விடுவதே வாடகைதாரரை வெளியேற்றக் கேட்பதற்கு ஒரு காரணமாகிவிடும். ஆகவே பெரியவரின் நல்ல மனதை நம்பி நான் சும்மா இருந்த ஆண்டுகளும் எனக்குப் பாதுகாப்பு தரவில்லை. இந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம், இந்த மாதத்திலிருந்து வாடகையை வங்கிக் கணக்கு வழியாக மட்டும் அனுப்புங்கள், முறையான ஒப்பந்தம் எழுத நான் தயார் என்று நீங்களே ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள் என்றார். மூன்றையும் செய்தேன்.

மே மாதம் உரிமையாளர் தரப்பில் பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். ஜூனில் பள்ளி திறக்கிறது, இரண்டு பள்ளிகளின் சீருடை என் கடையில் குவிந்து கிடக்கிறது, மோட்டார் மெஷின் இரண்டும் நின்றுவிட்டன. பழைய மிதி மெஷினைத் துடைத்து எடுத்து, இரவு மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு காஜா எடுத்தேன். நகரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரியாது: பனி இறங்கிய மாலையில் இந்த மலையில் ஐந்து மணிக்கே கடைக்குள் இருட்டிவிடும். வக்கீல் அம்மாவிடம் ஓடினேன். இரண்டே பத்தி, தமிழில், ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். வாடகை இடத்துக்கான மின்சாரம், தண்ணீர் போன்ற அடிப்படை வசதிகளை உரிமையாளர் துண்டிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது என்பதுதான் அதன் சாரம். நான்காம் நாள் விளக்கு எரிந்தது.

பிறகு நானும் பெரியவரின் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினோம். அவர் பக்கமும் ஒரு வக்கீல் வந்திருந்தார். மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் எழுதினோம், வாடகை 1,500 ரூபாய் கூடியது, முன்பணம் அப்படியே என் பெயரில் இருக்கிறது. அந்த இளைஞர் மேல் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. உடன்பிறந்தவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு. வழக்கு நடக்கவில்லை. யாரும் நீதிமன்றப் படி ஏறவில்லை. அந்த அரை மணி நேரம் இல்லாமல் போயிருந்தால் நான் கடையையும் பணத்தையும் இழந்த பிறகு, என் கையெழுத்தை நானே மறுத்துப் பல ஆண்டு வழக்காடிக்கொண்டிருப்பேன்.

இங்கேதான் நான் கேட்க வந்தது தொடங்குகிறது.

ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கிறது, அதை மதிக்கிறேன். அரசியலமைப்பில் 1976இல் சேர்த்த 39அ பிரிவு, 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், உதகையில் மாவட்ட ஆணைக்குழு, வட்டங்களில் வட்டக் குழு, 15100 என்ற தொலைபேசி எண். இவையெல்லாம் வக்கீல் அம்மா சொல்லி எனக்குத் தெரிந்தவை. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு உதவி தரச் சொல்கிறது என்பதை என் 47ஆம் வயதில்தான் அறிந்தேன். 14 ஆண்டு கடை நடத்தியவளுக்கு அது தெரியாமல் போனதில் என் பிழையும் உண்டு. ஆனால் எங்கள் சந்தில் கடை வைத்திருக்கும் பெண்கள் ஐந்து பேர். ஐவரில் ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் பிழை எங்களோடு முடிவதில்லை.

ஆண்களின் நிலை இன்னும் சிக்கல். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்ற பிரிவுகளில் வராத ஆண் என்றால் வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும். கடைக்காரரின் கல்லாவில் விழுவதெல்லாம் அவர் வருமானம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். டீக்கடை என்றால் பால்காரருக்கும் மளிகைக்கும் சிலிண்டருக்கும் போனது போக மிஞ்சுவதுதான் வருமானம். ஆனால் ஒரு கடை வைத்திருப்பவர் ஏழை என்ற வரிசையில் நிற்கத் தயங்குகிறார். ஊரும் அவரை அப்படிப் பார்ப்பதில்லை. கட்டணம் கொடுத்து வக்கீல் வைக்கும் அளவுக்கும் அவரிடம் இல்லை. நடுவில் நிற்கிற இவருக்கு யார் இருக்கிறார்கள்?

எதிர்ச்சந்து டீக்கடை அண்ணனின் கதையைச் சொல்கிறேன். சீசனுக்குக் கடையைச் சீர்செய்யக் கடன் வாங்கினார். ஈடாகத் தொகை எழுதாத காசோலை ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மழைக்காலத்தில் இரண்டு தவணை தவறியது. காசோலை வங்கிக்குப் போய்த் திரும்பியது. வக்கீல் நோட்டீஸ் வந்தது, ஆங்கிலத்தில். பேரன் விடுமுறைக்கு வரும்போது படிக்கச் சொல்லலாம் என்று டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்தார். காசோலை திரும்பிய நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குத் தொடர முடியாது என்பதும், அந்த நாள்கள் கடந்தால் அது குற்ற வழக்காகும் என்பதும், இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? பேரன் வந்தபோது 15 நாள் போய்விட்டிருந்தது. அந்தத் தொகையை அவர் தம்பியிடம் கேட்டுப் புரட்டியிருக்க முடியும், வாங்கிய கடன் எவ்வளவு, எழுதப்பட்ட தொகை எவ்வளவு என்று பதில் நோட்டீஸாவது அனுப்பியிருக்க முடியும். இப்போது வாய்தாவுக்கு வாய்தா கடையைச் சாத்திவிட்டுப் போகிறார். அவருக்கு இப்போது வக்கீல் கிடைத்திருக்கிறார். கிடைக்க வேண்டிய நேரத்தில் கிடைக்கவில்லை.

வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட் சுடும் தம்பி ஒருவரும் இருக்கிறார். ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்கள் தெருவுக்கே பெருமை. அவர் தங்கும் விடுதி ஒன்றுக்கு நாள்தோறும் வர்க்கி அனுப்பினார். பாக்கி ஏறிக்கொண்டே போனது. "சீசன் முடியட்டும்" என்றார்கள். பிறகு மேலாளர் மாறினார், பழைய பில் எங்களுக்குத் தெரியாது என்றார்கள். குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கு வாங்கியவர் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கொடுக்க வேண்டும். வர்க்கி சுடுவது உற்பத்தித் தொழில், ஆகவே அந்தச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். ஆனால் சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உதயம் பதிவை அவர் செய்திருக்கவில்லை. சரக்கு கொடுத்த பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்பதே தனி வழக்காகிவிடுமாம். பதிவுக்கு ஒரு பைசா செலவில்லை. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. இதற்கிடையில் மூன்று ஆண்டுக் காலவரம்பு அவருடைய முதல் பில்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருக்கிறது.

கூடலூர், பந்தலூர் பக்கம் பிரிவு 17 நிலம் எனப்படும், உரிமை இன்னும் முடிவாகாத நிலத்தில் பட்டா இல்லாமல் பெட்டிக்கடை வைத்திருப்பவர்களின் துயரம் இதைவிடப் பெரியது. 1969ஆம் ஆண்டு ஜன்ம நிலச் சட்டத்திலிருந்து தொடரும் அந்தச் சிக்கலை ஒரு தையற்காரி விளக்க முற்படுவது முறையாகாது. உங்களில் பலர் அதற்காகவே வாழ்நாளைக் கொடுத்திருக்கிறீர்கள். அங்கிருந்து உதகைக்கு ஏறி வர 50 கிலோமீட்டருக்குக் குறையாது, கடைக்காரருக்கு ஒரு நாள் வியாபாரம் போய்விடும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இவர்கள் எல்லோருக்கும் தேவைப்பட்டது வழக்காட ஒரு வக்கீல் இல்லை. ஒரு தாளை வாசித்து, இதில் என்ன இருக்கிறது, எத்தனை நாள் இருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒருவர். இலவச சட்ட உதவி நீதிமன்ற வளாகத்தில் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் அங்கே போய்ச் சேரும்போது கெடு முடிந்திருக்கிறது, கையெழுத்துப் போட்டாகியிருக்கிறது, காசோலை திரும்பியிருக்கிறது. அந்த உதவி கொஞ்சம் இறங்கி, கடைவீதிக்கு வர வேண்டும்.

மாதத்துக்கு ஒரு மாலை, இரண்டு மணி நேரம், ஒவ்வொரு ஊரின் கடைவீதியிலும் உங்கள் சங்கத்திலிருந்து இருவர் வந்து உட்காருங்கள். எங்களுடைய தாள்களை வாசித்துச் சொல்லுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது. வழக்கை எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்கவில்லை. வழக்கு தேவை என்றால் சட்டப்பணிகள் குழுவுக்கு எங்களை அனுப்பி வையுங்கள். கட்டணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், சீட்டுப் போட்டாவது சேர்த்துக் கொடுப்போம்.

உங்கள் தயக்கங்களையும் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வழக்கறிஞர் தன் தொழிலை விளம்பரப்படுத்தக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருப்பதால், கடைவீதியில் உட்கார்ந்தால் கட்சிக்காரர் பிடிக்க வந்ததாகப் பேசுவார்கள் என்று ஒருவர் சொன்னார். நியாயமான கவலை. அதனால்தான் தனி மனிதர்களைக் கேட்காமல் சங்கங்களைக் கேட்கிறேன். மாவட்ட ஆணைக்குழுவோடு சேர்ந்து, அதன் பெயரில் இதை நடத்தலாம். யாருடைய பெயர்ப் பலகையும் வேண்டாம், முகவரி அட்டையும் வேண்டாம். அதே பார் கவுன்சில் விதிகளில் 46ஆவது விதியும் இருக்கிறது. கட்டணம் கொடுக்க இயலாதவருக்கும் வக்கீலின் உதவி பெறும் உரிமை உண்டு, தம் பொருளாதார நிலைக்கு உட்பட்டு எளியவருக்கு இலவசமாக உதவுவது சமூகத்துக்கு ஒரு வழக்கறிஞர் செய்ய வேண்டிய மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று என்று அது சொல்கிறது. "தம் பொருளாதார நிலைக்கு உட்பட்டு" என்ற சொற்களை நான் மறக்கவில்லை. இந்த மலையில் இளம் வக்கீல்கள் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்பது அங்கியின் ஓரம் மடித்துத் தைக்கும் எனக்குத் தெரியும். ஒரே அங்கியை ஆறேழு ஆண்டு தைத்துத் தைத்துப் போடுகிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. இதற்கு உங்களுக்கு நேரமும் செலவாகாது. எதிர்த்தரப்புக்காக எங்களுக்கு நோட்டீஸ் அனுப்புகிறவர்களும் நீங்கள்தான். அதைத் தமிழில் அனுப்புங்கள். மாவட்ட நீதிமன்றங்களில் தமிழிலேயே வழக்காட இடமிருக்கும்போது, குன்னூர் டீக்கடைக்காரருக்கு ஆங்கிலத்தில் நோட்டீஸ் ஏன்? உங்கள் கட்சிக்காரருக்கு உரிமையானதை நீங்கள் கேளுங்கள், கறாராகக் கேளுங்கள், ஆனால் என்ன கேட்கிறீர்கள், எத்தனை நாளுக்குள் கேட்கிறீர்கள் என்பது எங்களுக்குப் புரியும்படி கேளுங்கள். டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் போன அந்த நோட்டீஸ் தமிழில் இருந்திருந்தால் அண்ணன் அன்று மாலையே தம்பியிடம் போயிருப்பார். அனுப்பியவருக்கும் பணம் அப்போதே கிடைத்திருக்கும்.

என் வக்கீல் அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எத்தனையோ முறை கேட்டும் அவர் என்னிடம் கட்டணம் வாங்கவில்லை. அன்று அங்கியைத் தைத்ததற்கு நான் காசு வேண்டாம் என்றபோது, "நீங்கள் உங்கள் வேலையைச் செய்தீர்கள், கூலியை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று 150 ரூபாயை மேசை மேல் வைத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

முதல் கூட்டத்துக்கு இடம் தேட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் என் கடையில் வேலை இல்லை. வெட்டு மேசையைச் சுவரோரம் நகர்த்தினால் ஆறு பேர் உட்காரலாம், மற்றவர்கள் டீக்கடை அண்ணனின் பெஞ்சில் காத்திருப்பார்கள். ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக விழும், சிறிய எழுத்தையும் வாசிக்கலாம். மழைக்காலத்தில் கூட்டம் குறைவு, ஆகவே ஆடி மாதத்தில் தொடங்கினால் கடைக்காரர்கள் எல்லோரும் வர முடியும். எந்த ஞாயிறு என்று சங்கத்திலிருந்து ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வீடு வீடாக, கடை கடையாகப் போய்ச் சொல்லி, அவரவர் தாள்களோடு வரச் செய்வது என் பொறுப்பு.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து ஒரு தையல் கடைக்காரி